எடுத்த தொண்டைக்குப் பதில் எதை வைப்பார்கள்?

தொண்டையில் புற்று என்று சொல்லும் பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு சேலத்தின் ஏதோ ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வரும் குடும்பத்தார் தங்களுக்குள் முதலில் கேட்டுக்கொள்வது, "தொண்டையையே எடுத்துவிட்டால் இவர் எப்படிச் சாப்பிடுவார்?" என்பதைத்தான். யாரும் உட்காரவைத்து அதற்குப் பதில் சொல்லாததால், ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவெடுத்து, மருந்து மருந்தாக மாற்றிப் பார்த்துவிட்டு, எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலையில் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நோயின் கொடுமையைவிட இந்தத் தாமதம்தான் எனக்கு அதிக வேதனை தருகிறது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தொடையின் தோலைச் சுருட்டியோ, மார்புத் தசையைத் திருப்பியோ, சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்தோ, இரைப்பையையே கழுத்து வரை இழுத்தோ புதிய உணவுப் பாதை அமைக்க முடியும். அப்படி அமைக்கப்பட்ட பாதை வழியாக வாயால் உண்டு வாழ்கிறவர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே முறை பொருந்தாது. எதை வைத்துக் கட்டுவது என்பது எவ்வளவு அகற்றப்படுகிறது, மிச்சமிருக்கும் திசு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கட்டியை எடுப்பதும் இடத்தை நிரப்புவதும் ஒரே திட்டமாக, கத்தி வைப்பதற்கு முன்பே பேசி முடிக்கப்பட வேண்டியவை.

தொண்டையின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்தால் சிக்கல் புரியும். மூக்குக்கும் வாய்க்கும் பின்னால் இறங்கும் தொண்டை, ஆறாவது கழுத்து முள்ளெலும்பின் மட்டத்தில் உணவுக்குழாயாக மாறுகிறது. அங்கிருந்து இரைப்பை வரை சுமார் 25 சென்டிமீட்டர். அந்தச் சந்திப்பின் முன்பக்கத்தில், இடைவெளியே இல்லாமல், குரல்வளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு வாய் சோற்றை விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து தன்னை மூடிக்கொள்கிறது, தொண்டைத் தசைகள் மேலிருந்து கீழாகப் பிழிகின்றன, எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாயின் வாய் தளர்ந்து திறக்கிறது. தொண்டையில் நடக்கும் இவ்வளவும் முடிய ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகிறது. கீழ்த்தொண்டையில் முற்றிய புற்று வந்தால் ஒட்டியிருக்கும் குரல்வளையையும் சேர்த்தே எடுக்க நேர்கிறது. மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் முன்பக்கத் தோலில் தைத்து நிரந்தரத் துளையாக்கிவிடுவார்கள். அதன் பிறகு மூச்சுக்கு ஒரு வழி, உணவுக்கு இன்னொரு வழி. உணவு நுரையீரலுக்குள் புகுந்துவிடும் ஆபத்து நீங்குகிறது. அதற்கு விலையாக இயல்பான குரல் போய்விடுகிறது.

இந்த நோய் எங்கிருந்து வருகிறது? பீடி, சிகரெட், மது, வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் புகையிலை ஆகியவை முதல் வரிசையில் நிற்கின்றன. புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதோடு நிற்பதில்லை, பெருகுகிறது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாத ஒன்று, பெண்களுக்கு வருவது. நீண்டகால இரும்புச்சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்வாயில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்கிறது. நாக்கு வழவழப்பாகிறது, வாயோரம் வெடிக்கிறது, சோறு இறங்கும்போது கழுத்தில் நிற்கிறது. பிளம்மர்-வின்சன் நோய் என்று பெயர். இரும்புச்சத்து மாத்திரையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகச் சவ்வை விரித்துவிடுவதும் பெரும்பாலும் போதும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் குரல்வளைக்குப் பின்புறமுள்ள பகுதியில் புற்றாக மாறுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறிக்கும் ஓர் அக்கா, "கட்டியாக எதுவும் இறங்கவில்லை, கஞ்சி மட்டும் போகிறது" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அதை வயதின் மேலும் வாயுவின் மேலும் போட்டுவிடக் கூடாது. ஓர் எண்டோஸ்கோபி பார்த்துவிட வேண்டும்.

புற்று இல்லாமலேயே தொண்டையை இழக்கவைக்கும் இன்னொரு காரணம் சேலத்துக்கு மிக நெருக்கமானது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உள்ள ஊர் இது. வெள்ளியைச் சுத்தப்படுத்த அமிலம் வேண்டும். பட்டறை வீட்டோடு ஒட்டியிருக்கும்போது, அந்த அமிலம் பழைய குளிர்பானப் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கப்பட்டால், தாகத்தில் கை நீளும் குழந்தைக்கு எது தண்ணீர் என்று தெரியாது. கழிவறை கழுவும் ஆசிட்டுக்கும் இதே கதைதான். மனமுடைந்து தாங்களே குடிப்பவர்களும் உண்டு. உயிர் பிழைத்தாலும் சில வாரங்களில் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் தழும்பு விழுந்து பாதை சுருங்கிவிடுகிறது. அமிலம் குடித்தவரை வாந்தி எடுக்கவைப்பது பெரிய தவறு. இறங்கும்போது சுட்ட அதே அமிலம் ஏறும்போது இன்னொரு முறை சுடும். இவர்களுக்கு வயிற்றுப் பக்கமாகக் குடலுக்குள் குழாய் வைத்து உணவு கொடுத்து, தழும்பு முதிர்ந்து நிலைபெறும் வரை மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே மறுசீரமைப்பு செய்கிறார்கள். பொறுமை இழந்து முன்கூட்டியே செய்தால் புதிய இணைப்பும் சுருங்கிப்போகும்.

இனி மறுசீரமைப்புக்கு வருவோம். தீக்காயத்தின் மேல் தோலை ஒட்டுவதுபோல் தொண்டையிலும் ஒட்டிவிட முடியாதா என்று கேட்கலாம். வெறும் தோல் ஒட்டுக்குத் தன்னுடைய இரத்தம் கிடையாது. அது போய் உட்காரும் இடத்திலிருந்துதான் ஊட்டம் உறிஞ்ச வேண்டும். தொண்டையிலோ நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குமேல் எச்சில் ஓடுகிறது. கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்கள் அதன் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருக்கின்றன. எச்சில் கசிந்து அவற்றை அரித்தால் உயிருக்கே ஆபத்து. எனவே தன் இரத்த ஓட்டத்தோடு வருகிற, தடிமனான, உயிருள்ள திசு வேண்டும். அதைத்தான் ஃபிளாப், அதாவது திசு மடல் என்கிறோம்.

இந்த எண்ணம் நம் மண்ணில் பழையது. 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். அந்தப் போர் முடிந்தபோது திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போன பகுதிகளில் சேலமும் ஒன்று. கவாஸ்ஜிக்குப் பின்னர் புனேயில் நெற்றித் தோலை அடியில் ஒரு காம்போடு கீழே திருப்பி மூக்கு செய்து வைத்தார்கள். 1794ல் லண்டனில் வெளியான ஒரு சஞ்சிகையில் அந்தச் செய்தி வந்த பிறகே ஐரோப்பிய மருத்துவர்கள் இம்முறையைக் கையில் எடுத்தார்கள். நெற்றித் தோலின் காம்பை அறுக்காமல் வைத்திருந்தார்களே, அதுதான் சூட்சுமம். அந்தக் காம்பு வழியாகத்தான் இரத்தம் வந்தது.

தொண்டைக்கு இது வந்து சேர நெடுங்காலம் பிடித்தது. 1873ல் வியன்னாவில் பில்ரோத் முதன்முதலாகப் புற்றுக்காகக் குரல்வளை முழுவதையும் எடுத்தார். 1886ல் மிகுலிச் கழுத்துத் தோலைக்கொண்டு உணவுக்குழாயின் மேல்பகுதியைக் கட்டிப் பார்த்தார். 1942ல் டொராண்டோவின் வூக்கி அதை ஒழுங்கான முறையாக்கினார். கழுத்துத் தோலை உள்ளே மடித்து, ஆறவைத்து, மீண்டும் திறந்து, குழாயாக்கி மூட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நோய் திரும்பி வந்து, ஒரு வாய் சாப்பிடாமலேயே பலர் இறந்துபோனார்கள். 1965ல் அமெரிக்காவின் பகாம்ஜியன் கதிர்வீச்சு படாத மார்புத் தோலைக் கழுத்துக்குக் கொண்டுவந்தார். நம் மலைத் தோட்டங்களில் பதியன் போடுபவர் கிளையைத் தாய்ச்செடியிலிருந்து அறுக்காமல் மண்ணில் புதைத்து, வேர் பிடித்த பிறகு வெட்டிவிடுவார் அல்லவா, இதுவும் அப்படித்தான். மார்போடு இணைந்த காம்பு வழியாக இரத்தம் வந்துகொண்டிருக்கும். புதிய இடத்தில் தோல் பிடித்துக்கொண்ட பிறகு இரண்டாவது ஆபரேஷனில் காம்பை வெட்டுவார்கள்.

உண்மையான திருப்பம் 1979ல் வந்தது. ஆரியன் என்ற அமெரிக்க மருத்துவர் மார்பின் பெரிய தசையை, அதன் மேலிருக்கும் தோலோடு, ஒரே அமர்வில் கழுத்துக்குத் திருப்பிக் காட்டினார். காறை எலும்புக்கு அடியிலிருந்து இறங்கும் ஒரு தமனி அந்தத் தசைக்கு ஊட்டம் தருகிறது. அந்தத் தமனியைக் காம்பாகக் காப்பாற்றிக்கொண்டு, தசையை மார்பிலிருந்து உரித்தெடுத்து, காறை எலும்புக்கு மேலாகத் தோலுக்கடியில் ஒரு சுரங்கம் அமைத்து அதன் வழியே கழுத்துக்குள் கொண்டுவருகிறார்கள். மைக்ராஸ்கோப் தேவையில்லை. மெல்லிய இரத்தக் குழாய்களைத் தைக்கும் வேலை இல்லை. மணிக்கணக்கில் நேரமும் மிச்சம். இந்தியா முழுவதும் தலை, கழுத்துப் புற்றுக்கான அறுவைச் சிகிச்சையைத் தாங்கி நிற்பது பல ஆண்டுகளாக இந்த மடல்தான்.

இதை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். தொண்டையின் ஒரு பக்கச் சுவர் போய், மறுபக்கம் நீள வாட்டில் ஒரு பட்டை மிஞ்சியிருக்கும் நோயாளிகள் உண்டு. மிஞ்சிய பட்டை இழுக்காமலேயே சுமார் 3 சென்டிமீட்டர் அகலமிருந்தால், பெரும்பாலும் அதையே சுருட்டித் தைத்துவிடலாம். அதற்குக் குறைந்தால் மேலே ஓர் ஒட்டு வேண்டும். அந்த ஒட்டுக்கு மார்புத் தசை மடல் மிகவும் பொருத்தமானது. நோயாளி வயதானவர், இதயம் பலவீனம், பத்து மணி நேர மயக்கத்தைத் தாங்கமாட்டார் என்றாலும் இதுவே நல்ல தேர்வு. இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தடிமன் அதிகம் என்பதால் முழுக் குழாயாகச் சுருட்டுவது கடினம். பெண்களுக்கு மார்பகத்தின் கொழுப்பு குறுக்கே வருகிறது, உருவமும் மாறுகிறது. ஆண்களுக்கு மார்பு முடி புதிய தொண்டைக்குள்ளேயே வளர்வதும் உண்டு. பிறகு கொடுக்கப்படும் கதிர்வீச்சு பெரும்பாலும் அதை உதிர்த்துவிடுகிறது.

தொண்டை முழுச் சுற்றும் போய்விட்டால் கணக்கே வேறு. அப்போது தேவை ஒட்டு அல்ல, முழுக் குழாய். இங்கேதான் உடலின் வேறோர் இடத்திலிருந்து இரத்தக் குழாயோடு வெட்டி எடுத்து, கழுத்தின் இரத்தக் குழாயோடு இணைத்துத் தைக்கும் முறை வருகிறது. 1959ல் நியூயார்க்கில் சைடன்பெர்க்கும் குழுவினரும் சிறுகுடலின் ஒரு துண்டை இப்படிக் கழுத்தில் பொருத்தினார்கள். சில நாட்களில் அந்த நோயாளி பக்கவாதத்தால் இறந்துவிட்டார், பொருத்திய குடல் உயிரோடுதான் இருந்தது. அடுத்த ஆண்டே ஜேக்கப்சன் இரத்தக் குழாய் தைக்க மைக்ராஸ்கோப்பைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1981ல் சீனாவின் யாங் குழுவினர் முன்கைத் தோல் மடலையும், 1984ல் அதே நாட்டின் சாங் குழுவினர் தொடையின் முன்வெளிப்புற மடலையும் உலகுக்குத் தெரிவித்தார்கள்.

சிறுகுடல் பிறப்பிலேயே குழாய். உள்ளே ஈரமான சளிச்சவ்வு இருப்பதால் உணவு வழுக்கிக்கொண்டு இறங்கும். அலையலையாகச் சுருங்கும் தன்மை அதற்கு உண்டு என்பதால், எந்த முனை மேலே என்பதைக் குறித்து வைத்துக்கொண்டே வெட்டுவார்கள். தலைகீழாகத் தைத்தால் உணவை மேலே தள்ளும். இரத்தம் இல்லாமல் அதிக நேரம் தாங்காது என்பதால் வெட்டியதும் விரைந்து இணைக்க வேண்டும். வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்பதும், பின்னர் பேசும்போது குரல் ஈரமாகக் களகளவென்று வரும் என்பதும் குறைகள். தொடை மடலுக்கு வயிற்றைத் தொடவேண்டியதில்லை. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி ஓரம் வரை ஒரு கோடு போட்டு, அதன் நடுப்புள்ளியைச் சுற்றிக் கையடக்க டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டால், தோலுக்கு ஏறிவரும் சிறு தமனியின் சத்தம் கிடைக்கும். அதைச் சுற்றித்தான் மடலை வரைவார்கள். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் வேண்டுமென்றால் தோலின் அகலம் குறைந்தது 9.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட வட்டக் கணக்கு. மடலை எடுத்த தொடையில் நீளமாக ஒரு தழும்பு இருக்கும், நடப்பதற்குப் பெரிய இடைஞ்சல் இருக்காது. இந்தக் குழாயில் குடலைவிடக் குரல் தெளிவாக வருகிறது என்பதால் இன்று பல மையங்கள் இதையே முதலில் நினைக்கின்றன. தொடையில் கொழுப்பு மிக அதிகம் என்றால் முன்கை மடல். அது மெல்லியது, எளிதாகச் சுருளும். ஆனால் கைக்கு இரத்தம் தரும் இரு தமனிகளில் ஒன்றும் மடலோடு வந்துவிடும். அதனால் எடுப்பதற்கு முன், உள்ளங்கைக்கு மற்றத் தமனி மட்டும் போதுமான இரத்தம் தருகிறதா என்று மணிக்கட்டை அழுத்திச் சோதித்துக்கொள்வார்கள்.

நோய் கழுத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கியிருந்தால், உணவுக்குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு இரைப்பையை மார்பின் பின்புறம் வழியாகக் கழுத்து வரை இழுத்துத் தைப்பார்கள். 1960ல் ஹாங்காங்கின் ஓங்கும் லீயும் விவரித்த முறை இது. கழுத்தில் ஒரே ஓர் இணைப்பு போதும். ஆனால் வயிறு, மார்பு, கழுத்து மூன்றையும் தொடும் பெரிய ஆபரேஷன். குனிந்தால் சாப்பிட்டது மேலே வரும். அமிலத்தால் முழு உணவுக்குழாயும் இரைப்பையும் கெட்டவர்களுக்குப் பெருங்குடலைப் பயன்படுத்துவதும் உண்டு.

இத்தனை வழிகள் இருக்கும்போது எல்லோருக்கும் ஏன் எளிதாக நடப்பதில்லை? பெரும் காரணம், கதிர்வீச்சு. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அது. 1991ல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 பேரிடம் நடந்த ஆய்வு, கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தால் மூவரில் ஏறக்குறைய இருவருக்குக் குரல்வளையைக் காப்பாற்றலாம், உயிர்வாழ்வும் குறையாது என்று காட்டியது. அதன் பிறகு உலகமெங்கும் முதலில் கத்தியை எடுப்பது குறைந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் கதிர்வீச்சுக்குப் பிறகும் நோய் திரும்பியவர்களுக்குத்தான் இன்று பெரும்பாலும் தொண்டை ஆபரேஷன் நடக்கிறது. கதிர்வீச்சு பட்ட கழுத்தில் திசு விறைத்துப்போய், நுண் இரத்தக் குழாய்கள் அடைபட்டிருக்கும். தையல் கூடுவதற்குள் எச்சில் கசிந்து, கழுத்துத் தோல் வழியாக வெளியே வந்துவிடும். இத்தகையவர்களில் நான்கில் ஒருவருக்காவது இது நேர்கிறது. எனவே மூடுவதற்குப் போதுமான சவ்வு மிச்சமிருந்தாலும்கூட, தையலின் மேல் கதிர்வீச்சு படாத மார்புத் தசையைக் கொண்டுவந்து போர்த்துகிறார்கள். கசியும் வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதனால் குறைகிறது. கரண்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், "மேலே தசை போர்த்துவீர்களா, டாக்டர்?" என்று வீட்டார் கேட்பதில் தவறே இல்லை. கேட்க வேண்டும்.

மைக்ராஸ்கோப் வைத்து இணைத்த மடலுக்கு முதல் மூன்று இரவுகள் கண்டம். தைத்த தமனியின் விட்டம் 2 அல்லது 3 மில்லிமீட்டர், தைத்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. அங்கே சிறு இரத்தக்கட்டி விழுந்தாலும் மடல் இறந்துவிடும். புதிய தொண்டை கழுத்துக்குள்ளே மறைந்திருப்பதால், மடலின் சிறு துண்டொன்றைக் கழுத்துக்கு வெளியே தெரியும்படி தைத்து விட்டிருப்பார்கள். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தோல் தீவு. செவிலியர் மணிக்கொரு முறை டார்ச் அடித்து நிறம் பார்க்கிறார், விரலால் அழுத்தி எடுத்து நிறம் திரும்பும் வேகத்தைப் பார்க்கிறார், பக்கத்தில் டாப்ளரை வைத்துக் கேட்கிறார். சந்தேகம் வந்தால் ஊசியால் ஒரு குத்து. செந்நிறத் துளி மெதுவாக எட்டிப்பார்த்தால் நிம்மதி. கருநீல இரத்தம் குபுக்கென்று வந்தால் சிரை அடைத்திருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் தமனி போய்விட்டது. இரண்டிலும் உடனே தியேட்டருக்குத் திரும்பி இணைப்பைப் பிரித்துச் சரிசெய்தால் பல மடல்களைக் காப்பாற்றிவிடலாம். ஒன்றிரண்டு மணி நேரத் தாமதம்கூட வெற்றியைத் தோல்வியாக்கும். அனுபவமுள்ள மையங்களில் நூறில் 95க்கு மேற்பட்ட மடல்கள் பிழைக்கின்றன என்றால், அதில் பாதிப் பெருமை இந்தச் செவிலியர்களுடையது என்பேன். ஆகவே எங்கே செய்வது என்று தேடும் குடும்பம், மைக்ராஸ்கோப் இருக்கிறதா என்பதோடு, இரவில் மடலைப் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில்தான் எல்லா உணவும். வார்டில் ஒரு நோயாளியின் மகனுக்கும் செவிலியருக்கும் நடந்த, நான் கேட்ட ஓர் உரையாடல்.

"அக்கா, அப்பா சாதம் வேண்டுமென்று எழுதிக் காட்டுகிறார். ஒரு ஸ்பூன் ரசம் மட்டும் கொடுக்கட்டுமா?"

"வேண்டாம் தம்பி. மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். லீக் இல்லை என்று டாக்டர் சொல்லட்டும், நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். அதுவரை எச்சிலைக்கூடத் துப்பச் சொல்லுங்கள்."

அந்த அக்காவின் கண்டிப்பு முழுக்க நியாயமானது. கதிர்வீச்சு படாதவர்களுக்கு ஏழு முதல் பத்து நாள், பட்டவர்களுக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் இந்தச் சோதனை. இடையில் அன்பின் மிகுதியால் ஊட்டப்படும் ஒரு ஸ்பூன், தையலைப் பிரித்துவிடக்கூடும்.

உண்ணத் தொடங்கியதும் தெரியவருவது, தோலால் ஆன தொண்டை பிழியாது என்பது. நாக்கு பின்னோக்கித் தள்ளுவதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் கிடைக்கும் புவியீர்ப்பும்தான் உணவை இறக்குகின்றன. முதலில் தண்ணீர், மோர், வடிகட்டிய கஞ்சி. பிறகு குழைந்த ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. நெகிழக் கிண்டிய கேழ்வரகுக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்குவது பலருக்கு எளிதாக இருக்கிறது. பரோட்டா, காய்ந்த சப்பாத்தி, இறைச்சித் துண்டு ஆகியவை நின்றுவிடும். சேலத்துக்காரர்கள் தட்டுவடை செட் எப்போது சாப்பிடலாம் என்று கேட்கத்தான் செய்வார்கள். நொறுங்கலான தட்டையும் துருவிய பீட்ரூட்டும் சேர்ந்த அந்தப் பண்டம் கடைசியாகத்தான் வரும், சிலருக்கு வராமலும் போகலாம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சில மாதங்களில் மெல்ல மெல்ல அடைக்க ஆரம்பித்தால், பெரும்பாலும் மடல் உணவுக்குழாயோடு சேரும் கீழ்ச்சந்திப்பு சுருங்கியிருக்கும். இதைத் தவிர்க்கத்தான் அந்த இணைப்பை வட்டமாகத் தைக்காமல் வளைத்து நெளித்துத் தைக்கிறார்கள். சுருங்கினால் எண்டோஸ்கோபி வழியாக விரித்துவிடலாம், ஒருமுறைக்கு மேலும் தேவைப்படலாம். ஆனால் நோய் திரும்பியதாலும் அடைக்கலாம் என்பதால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது.

குரலுக்கும் வழி இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கும் உணவுப் பாதைக்கும் நடுவே ஒரு சிறு துளையிட்டு ஒருவழி வால்வு வைத்தால், கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை வெளியே விடும்போது காற்று புதிய தொண்டைக்குள் போய் அதை அதிரச்செய்கிறது. நாக்கும் உதடும் அதைப் பேச்சாக்குகின்றன. அமெரிக்காவின் சிங்கரும் பிளாமும் 1980ஐ ஒட்டி இதைக் கொண்டுவந்தார்கள். இறக்குமதி வால்வு ஆயிரக்கணக்கில் விலை. சில மாதங்களுக்கொரு முறை மாற்றவும் வேண்டும். பெங்களூருவின் டாக்டர் விஷால் ராவ் சுமார் 50 ரூபாய் அடக்கத்தில் 'ஓம்' என்ற வால்வை உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான். ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் அதன் பிறகு வால்வு மாற்றவும், விரித்துவிடவும், பேச்சுப் பயிற்சிக்கும் போய்வரும் செலவுதான் குடும்பங்களை ஒடிக்கிறது. சேலத்திலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர், சென்னைக்கு அதைப்போல் இரு மடங்கு. கூலி வேலைக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் இருவரின் ஒருநாள் கூலி. பெரிய ஆபரேஷனை வெளியூரில் செய்தாலும், பின்தொடர் சிகிச்சையை மாவட்டத் தலைநகரிலேயே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சுருக்கத்தை விரிப்பதற்கும் வால்வை மாற்றுவதற்கும் மைக்ராஸ்கோப் தேவையில்லை.

வீடு திரும்பியவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. தைராய்டும் அதன் அருகிலுள்ள பாராதைராய்டுச் சுரப்பிகளும் ஆபரேஷனிலோ கதிர்வீச்சிலோ பாதிக்கப்பட்டிருக்கலாம். விரல் நுனியில் கூச்சம், தசைப்பிடிப்பு வந்தால் கால்சியம் குறைந்திருக்கிறது. காரணமில்லாத சோர்வும் உடல் வீக்கமும் வந்தால் தைராய்டுப் பரிசோதனை. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை தெரியாது. வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விடுவதுபோல் தாடையையும் நாக்கையும் கீழே இறக்கினால் மூக்குக்குள் காற்று இழுபடும். நெதர்லாந்தில் உருவான எளிய பயிற்சி இது. பழகியவர்களில் பலருக்கு மணம் திரும்பக் கிடைக்கிறது. கழுத்துத் துளைக்குள் குளிர்ந்த, தூசி நிறைந்த காற்று நேரே போகிறது. மார்கழியில் ஏற்காட்டில் இருப்பவர் ஈரத் துணியாலோ அதற்கென்று விற்கும் வடிகட்டியாலோ மூடிக்கொள்ளாவிட்டால் சளி கெட்டியாகி அடைக்கும். குளிக்கும்போது தண்ணீர் புகக்கூடாது. ஏரியிலும் ஆற்றிலும் இறங்கவே கூடாது.

அவசர நேரத்துக்கு ஒன்று. இவர்களுக்கு வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலோடு தொடர்பே கிடையாது. மயங்கி விழுந்தவரின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி வைத்தால் ஒரு துளிக் காற்றும் உள்ளே போகாது. ஏற்காட்டிலிருந்து சேலம் பெரிய மருத்துவமனைக்கு வரும் முக்கியச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். வண்டியில் ஏற்றும்போதே 108 ஊழியரிடம் சட்டைக் காலரை விலக்கிக் காட்டி, "இவர் கழுத்து வழியாக மூச்சு விடுகிறவர், ஆக்சிஜனை இங்கே வையுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். கூட யாரும் இல்லாத நேரத்துக்காக, இதே வரியை எழுதிய அட்டை ஒன்று அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.